பிள்ளை வேண்டாமென்று வாழ்ந்த எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும்படி அத்தான் என்னிடம் சொன்னார். அக்காவின் நல்லதை எழுத வேண்டுமானால், நான் செய்த கெட்டதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கவரைப்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில், நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர் அக்கா. அவருடைய பன்னிரண்டாம் வயதில் நான் பிறந்தேன். அன்று அடைமழை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவின் உயிர் பிரிந்தது அக்காவின் மடியில். அத்தோடு அவர் படிப்பும் நின்றது. எனக்குப் பால் புகட்டியதும் பள்ளிக்கு அனுப்பியதும் அவரே.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. அத்தானுக்குக் காக்களூர்ப் பக்கம் ஓர் ஆணிக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. மணவாள நகரில் ஒற்றை அறை வீட்டுக்கு என்னையும் கையோடு அழைத்துக்கொண்டுதான் அக்கா குடிபோனார். பிறகு அதே கம்பெனியில் பெட்டி கட்டும் வேலையில் சேர்ந்தார்.

ஐந்தாறு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. அத்தானின் தாயார் இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அத்தான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாமா பேசற? அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. நாங்க ரெண்டு பேரும்தான் புள்ள வாணாம்னு இருக்கறோம்."

அந்த அம்மாள் நம்பவில்லை. மருமகள் மலடி, மகன் மறைக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அக்கா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. நான் மட்டும் ஒருநாள் கேட்டேன்.

"பயமாக்கா?"

"பயந்தான் பாப்பா. அம்மா எம் மடியிலதான போச்சு. அப்புறம், உன்ன வளத்துட்டேன். அதுவே எனக்குப் போதும்னு இருந்துச்சு."

ஆக, உண்மை எனக்குத் தெரியும்.

எனக்குத் திருமணமாகி, என் வளைகாப்பு வந்தது. அக்கா வளையல் தட்டோடு முதல் ஆளாக முன்னே வந்தார். என் மாமியார் சபை நடுவில் அவரைத் தடுத்தார்.

"நீ வாணாம்மா. புள்ள பெத்தவங்க போடட்டும்."

என்னை வளர்த்த கை அது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினார். என் பிரசவத்தின்போதும், யாரும் அழைக்காமலே, ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றார்.

சென்ற ஆண்டு, நாற்பத்திரண்டாம் வயதில், மஞ்சள் காமாலை வந்து பதினைந்தே நாள் படுத்தார். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "அக்கா, வளைகாப்பு அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வலிச்சிச்சு பாப்பா. இல்லன்னு சொன்னா பொய்யி" என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். என் கையை விடவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டார்.

கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே என்று உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். அத்தானே வைத்தார். கம்பெனிப் பெண்கள் பலர் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு மொத ரெண்டும் ஊட்லயே செத்துப் பொறந்திச்சுமா. மூணாவதுக்கு அக்காதான் எங்க மாமியாரோட சண்ட போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க. இதோ, இவந்தான்."

அப்படி எத்தனை பேரை அக்கா அழைத்துப் போனார் என்று அத்தானுக்கே தெரியவில்லை. எங்களிடம் அவர் சொன்னதே இல்லை.

நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட மணவாள நகர் அண்டை வீட்டாருக்கும், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த கம்பெனிப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. உறவினர்களுக்கு ஒன்று: அக்கா மலடி அல்ல. பிள்ளை வேண்டாமென்று அவரே முடிவு செய்தார். இது எனக்கு அன்றே தெரியும்.

அச்சுக்குக் கொடுக்கும்முன் இதை அத்தானிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இத்த அவ உயிரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

சொல்லியிருக்கலாம்.