காவடி எடுத்த காலும் என் கையெழுத்தும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். சாமி சம்பந்தப்பட்ட காரியம் என்பதால் பயம். தப்பு செய்தவன் நான்தான் என்பதால் அதைவிட வெட்கம். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம். நான் பம்பாய் தாராவியில் குடும்பத்தோடு இருந்தேன். குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டடத்தை அங்கே சால் என்பார்கள்; எங்கள் சாலில், சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் மனைவியோடு குடியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவில் முழங்காலில் குண்டு பட்டவர். வலது கால் மடங்காது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். அந்த ஊனத்துக்காக மாதாமாதம் பட்டாளத்துப் பென்ஷன் வந்தது. உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று தெருமுனையில் வெற்றிலை பாக்குக் கடை ஒன்றும் வைத்திருந்தார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

அவருக்கு ஒரே மகள். பினாங்கில் கட்டிக்கொடுத்திருந்தார். கடைசிக் காலத்துக்கு இங்கே வந்துவிடுங்கள் என்று அந்தப் பெண் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். பேத்தி முகத்தை அவர் பார்த்ததே இல்லை. போக ஆசைதான், ஆனால் ஒரு பிடிவாதம்.

“மருமவன் வீட்டுல போயி கையேந்திக்கிட்டு உக்கார மாட்டேன்வே. பென்ஷன் அங்க வரட்டும், அப்புறம் கப்பல் ஏறுதேன்” என்பார்.

அதற்கு மனுப் போட்டார். கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கடையையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

காரியம் நல்லபடி முடிய முருகனுக்கு நேர்ந்துகொண்டு, அந்தப் பங்குனி உத்திரத்துக்குப் பால்காவடி எடுத்தார். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்திலிருந்து எங்கள் தாராவிக் கோயில் வரை நடை. நானும் கூடவே போனேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் காவடியோடு நடந்தார், அது நிஜம். உடம்பெல்லாம் நடுங்க, காலை இழுத்து இழுத்து, ஒரு தெரு தூரம் இருக்கும். அதற்குப் பிறகு நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தோம். கடைசியில் கைவண்டியில் உட்கார வைத்துத்தான் கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினோம். நாலு நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் சம்சாரம் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் பட்டறையிலும் பஜனையிலும் நான் சொன்னது வேறு. கம்பில்லாமல் ஒரு தெரு நடந்தார் என்று முதலில் சொன்னேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆளிடம் அது பாதித் தூரம் ஆயிற்று. ஒரு மாதத்துக்குள், முழுத் தூரமும் நடந்தார், முருகன் காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. சாமி பெருமையைத்தானே சொல்கிறோம் என்று நினைத்தேன்.

பட்டறைக்கு விடுமுறையான ஒரு நாள் பகலில், காகிதக் கட்டோடு ஒருவர் சாலுக்கு வந்தார். அண்ணாச்சியும் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். பென்ஷன் விஷயமாக வந்திருப்பதாகச் சொல்லி, பக்கத்து அறைக்காரரின் கால் எப்படி இருக்கிறது, நடமாட்டம் உண்டா என்று இந்தியில் மரியாதையாகக் கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தெய்வம் கைவிடாத மனுஷர் என்று காட்டினால் அவருக்கு நல்லதுதானே என்று, தெரிந்த பம்பாய் இந்தியில் அற்புதம் முழுவதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். தமிழில் போட்டேன். காபியும் கொடுத்து அனுப்பினேன்.

சில வாரத்தில் அண்ணாச்சிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. மாதுங்காவில் ஆபீஸ் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு பேருமாகக் கொண்டுபோனோம். அவர் படித்துச் சொன்னார். கால் முன்பைவிட மேல் என்று, மனுவுக்காக அவரைச் சோதித்த டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்தாராம். தோளில் சுமையோடு, கம்பில்லாமல் ஒன்றரை மைல் நடந்ததாக அண்டை வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகையால் ஊனப் பென்ஷன் நிறுத்தப்படுகிறது.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். “காவடியவா சுமைன்னு எழுதிக் குடுத்தீரு?” என்று மட்டும் கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மறுவாரமே அவரோடு பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தமிழர்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா? பொய்தான்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, மேலே அனுப்பறேன்” என்றார்.

ஒரு வரிதான். முருகன் நடக்க வைக்கவில்லை என்று என் கையால் எழுதுவதா என்று ஒரு பயம். பொய்க் கையெழுத்துக்கு ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல நாக்கூசுகிறது. கொஞ்சம் நடந்தார், கொஞ்சம் நடக்கவில்லை என்று உளறினேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: “விடும்வே. முருகனே சாட்சிக்கு வந்திருந்தாலும் இவங்க முன்னாடி உம்ம மாதிரித்தான் முழிச்சிருப்பான்.”

பினாங்குப் பயணம் நின்றது. பம்பாய்த் தண்ணீர்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று மகளுக்கு எழுதிவிட்டார். கடையும் கைவிட்டுப் போயிருந்ததால், பட்டாளத்துக்காரர் என்ற மரியாதையில் குர்லாவில் என் பட்டறைக்கு எதிர்க் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை. நொண்டுவது தெரிந்தால் வேலை போய்விடும் என்று கம்பைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். “சாப்பிட்டாச்சா வே?” என்றுதான் கேட்பார்.

எங்கள் பஜனைக் கூட்டத்தில் அந்தக் காவடி அற்புதத்தை இன்றும் சொல்கிறார்கள், நான் சொன்னதற்கு மேலும் சேர்த்து. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அவர் நடந்தது ஒரு தெரு தூரம். முருகன் கொடுத்தது அவ்வளவுதான், அதுவே பெரிது. மீதித் தூரம் அவரை நடக்க வைத்தவன் நான். அதற்காகத்தான் அண்ணாச்சி கண்ணை மூடும்வரை அந்தக் கம்பெனி வாசலில் நின்றார்.