தலைவலிக்காரனைப் படுக்க விடாதவள்

அந்த நர்ஸுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் மிளகாய். யார் வைத்தார்களோ, வைத்தவர் வாய் வாழ்க, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் காதுக்கும் அது எட்டாமல் இல்லை. "இனிப்பா பேசினா மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

முதுகுத்தண்டு முறிந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் எல்லா நர்ஸும் படிப்பது. இவள் அதற்கு மேலே இதற்கென்றே தனியாகப் படித்தவள். உள்ளே நுழைந்ததும் சுகம் விசாரிக்க மாட்டாள். கட்டிலோரம் தொங்கும் மூத்திரப் பையின் நிறத்தைப் பார்ப்பாள். குதிகாலில் சிவப்புத் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுப்பாள். அழுத்திய இடம் வெளுத்தால் தோல் பிழைத்தது. வெளுக்காவிட்டால் அடியில் புண் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டில் இருக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கோபக்காரி என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கோபமே இல்லை, பயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் அவள் வார்டில் இருந்தாள், சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவள். ஒருநாள் தலை பிளக்கிறது என்றாள். பாவம் என்று இரக்கப்பட்டு யாரோ கட்டிலைத் தாழ்த்தி, மல்லாக்கப் படுக்க வைத்து, திரையை இழுத்துவிட்டுப் போனார்கள். அவள் தொடைக்கு அடியில் மூத்திரக் குழாய் மடங்கிக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துச் செத்துப்போனாள். இரக்கப்பட்டுக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவளுக்கு அதற்கப்புறம் எப்படி நாக்கில் தேன் ஊறும்?

அவள் பார்த்துவந்தவர்களில் ஒரு பெயின்டரும் இருந்தான். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவன். தோளும் கையும் வேலை செய்தன, மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அவனையும் அவன் மனைவியையும் உட்கார வைத்து, அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள்.

"உன் உடம்பு ஒரு மாடி வீடுன்னு வச்சுக்க. நடுவுல படிக்கட்டு இடிஞ்சுபோச்சு. கீழ் வீட்டுல ஏதாவது தப்பு நடந்தா மேல சேதி வராது, உனக்கு வலிக்காது. ஆனா கீழ இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? பயந்துபோய் எல்லாக் குழாயையும் இறுக்கிப் பிடிப்பாங்க. ரத்தம் பூரா மேல ஏறும். மூளை, 'விடுங்கடா, விடுங்கடா'ன்னு கத்தும். இடிஞ்ச படிக்கட்டைத் தாண்டி அந்தச் சத்தம் கீழ போகாது. உனக்குத் தெரியுறதெல்லாம் தலைவலி மட்டும்தான். தலைவலின்னா படுக்காத, படுத்தா ரத்தம் இன்னும் தலைக்கு ஏறும். நிமிர்ந்து உட்காரு, என்னைக் கூப்பிடு. மூத்திரம் அடைச்சிருக்கும், மலம் கட்டியிருக்கும், இல்ல எங்கயாவது எதுவோ இறுக்கும். அதைக் கண்டுபிடிச்சு எடுத்தாதான் அடங்கும்."

சொன்னதோடு விட்டாளா? வீட்டைச் சோதனை போட்டாள். இறுக்கமான கால்சட்டை, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் ஏற்றச் சொன்னாள். "இதெல்லாம் இனிமே கீழ இறங்கக் கூடாது. இறங்கினா நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்." அவன் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவள், அதிகம் வாய் திறக்காதவள். தலையை ஆட்டிவிட்டாள்.

பல மாதம் போனது. ஒரு மத்தியானம் நர்ஸ் வழக்கம்போல வந்தபோது வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம். கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். ஒருவர் மேஸ்திரி. இன்னொருவன் எந்தச் சுவரையும் பிடித்து ஏறிவிடுவான் என்பதால் பல்லி. பெயின்டர் சக்கர நாற்காலியில் இருந்தான். இடுப்பிலிருந்து தரைவரைக்கும் போர்வை.

நர்ஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். செக்கச் சிவந்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். லேசா தலைவலி."

"இந்தப் பல்லி வாயை மூடாம பேசினா யாருக்குத்தான் வலிக்காது?" என்றார் மேஸ்திரி.

"ஆமா, நீங்க பாடினீங்களே, அதனால வந்திருக்காது பாருங்க!"

நர்ஸ் சிரிக்கவில்லை. பையிலிருந்து பட்டையை எடுத்து அவன் கையில் சுற்றி, ரத்த அழுத்தம் பார்த்தாள். எப்போதும் நூறைத் தாண்டாத மனுஷன் அவன். நூற்றெழுபது காட்டியது.

"படுக்க வச்சிடலாமா?" என்று பல்லி நாற்காலியின் பின்னால் கை வைத்தான். நாற்காலி ஒரு சாண் சாய்ந்துவிட்டது.

"எடு கையை!"

தெருவுக்கே கேட்டிருக்கும். பல்லி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

நாற்காலியை நிமிர்த்தினாள். முதல் சந்தேகம் குழாய்தான். போர்வையை மேல் பக்கம் விலக்கித் தொடை வரைக்கும் தடவிப் பார்த்தாள். மடங்கவில்லை. பையில் மூத்திரம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அடிவயிற்றை மெதுவாகத் தொட்டாள், மெத்தென்று இருந்தது. இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். சட்டைப் பித்தானைக் கழற்றினாள்.

"கால்?" என்றாள்.

"நான் இப்பதான் பார்த்தேன் சிஸ்டர், நல்லா இருக்கு," என்று மனைவி குனிந்து போர்வையின் கீழ் விளிம்பைச் சரிசெய்தாள்.

நர்ஸ் அதை நம்பினாள். அவளைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு இடத்தில்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவள் பேச்சை மீறி எதுவும் நடக்காது என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

மறுபடி அழுத்தம் பார்த்தாள். ஏறியிருந்தது. பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டான். "சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான். குரலில் இப்போது லேசு என்பதே இல்லை.

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். காரணம் கிடைக்காவிட்டால் அழுத்தம் இறக்குகிற அவசர மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள், ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றார் அவர். அந்த மாத்திரையும் விளையாட்டு இல்லை. கொடுத்தபின் காரணம் தானாக விலகிவிட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். மாத்திரையைப் பிரித்து ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, மலம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கையுறையை மாட்டப் போனாள். சைக்கிள்காரப் பெண்ணின் கட்டில் கண்முன் வந்து நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

மேஸ்திரியும் பல்லியும் வாசலுக்கு நகர்ந்தார்கள். அப்போதுதான் நர்ஸ் அதைப் பார்த்தாள். மனைவி கணவனைப் பார்க்கிறாள். கணவன் வலியோடு வலியாகத் தலையை இல்லை என்று ஆட்டுகிறான்.

"என்ன? என்ன மறைக்கிறீங்க?"

மனைவி போர்வையின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உன் புருஷன் செத்துப்போயிடுவான்மா!"

மனைவி தரையில் விழுந்தமாதிரி உட்கார்ந்து போர்வையைப் பிடுங்கி எறிந்தாள்.

காலில் ஷூ. பழைய வேலை ஷூ, வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் தெறித்துக் காய்ந்தது. காலையிலிருந்து தொங்கி வீங்கிய பாதத்தை அதற்குள் திணித்து, கயிற்றைப் பல்லைக் கடித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

நர்ஸ் முடிச்சை அவிழ்க்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை மேலிருந்து கீழாக வெட்டினாள். வலது ஷூ வழுக்கிக்கொண்டு வந்தது. இடது வரவில்லை. அதன் மேல்தோலையும் வெட்டிப் பிரித்தாள். பெருவிரல் உள்பக்கமாக மடங்கி, நகம் பக்கத்து விரலில் குத்தி ரத்தம் கட்டியிருந்தது. கல்லைக்கூட அழவைக்கிற வலி. அந்த மனுஷனுக்கு அதில் துளிகூடத் தெரியாது.

விரலை நிமிர்த்தினாள். பட்டையை மறுபடி சுற்றினாள். அழுத்தம் அதே இடத்தில் நின்றது. மறுபடி பார்த்தாள், கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுபடி பார்த்தபோது நன்றாகவே இறங்கியிருந்தது. முகத்தின் சிவப்பு கழுத்து வழியாக வடிந்து போவது கண்ணுக்கே தெரிந்தது. பிரித்து வைத்த மாத்திரை காகிதத்திலேயே கிடந்தது. அதைக் குப்பையில் போட்டாள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவருக்குத்தான் கால்ல உணர்ச்சியே இல்லையே சிஸ்டர். நீங்க சொன்னதெல்லாம் மூத்திரக் குழாய்க்குன்னுதான் நினைச்சேன். கூட்டாளிங்க முன்னாடி வெறுங்காலோட உட்கார மாட்டேன்னு அடம் பிடிச்சார். உங்க சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்து மூடினேன்."

"உயிர் போற நேரத்துலயுமா?"

"நீங்க திட்டுவீங்கன்னு," என்றாள் மனைவி. "படி ஏற மாட்டேன்னு சொன்னீங்களே. நீங்க வராமப் போயிட்டா நாங்க என்ன பண்றது?"

நர்ஸுக்கு வாயில் வார்த்தை இருந்தது, எப்போதும் இருக்கும். அதை விழுங்கிவிட்டு, வெட்டிய ஷூக்களை நாற்காலிக்கு அடியில் ஒதுக்கி வைத்தாள். வாசலிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்து, "அடேய், ஷூ இல்லாட்டி உன்னை எங்களுக்கு அடையாளம் தெரியாதாடா?" என்றார். பெயின்டர் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் பார்த்து, அழுத்தம் பழையபடி ஆகிவிட்டது என்றார்கள். ஆனாலும் அவள் உடனே கிளம்பவில்லை. இந்த வியாதி போனமாதிரி போய்த் திரும்பி வரும். நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விரலுக்கு மருந்து போட்டு, விட்டு விட்டு அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகும்போது மனைவியிடம், "பெரிய அளவுல துணி ஷூ கிடைக்கும், கயிறு இல்லாம. காலையில வீக்கம் வடிஞ்சிருக்கும்போது போட்டுப் பார்ப்போம். நானே வந்து போடறேன்," என்றாள். மனைவி திகைத்துப்போய்த் தலையாட்ட மறந்துவிட்டாள்.

அடுத்த வீட்டில் ஒரு லாரி டிரைவர், அவருக்கும் முதுகுதான். கூடவே அவர் அக்கா. இருவரும் அவளைக் கண்டதும் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் மூத்திரப் பையைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் வேண்டாம்னு சொன்னதுல எதையெல்லாம் செஞ்சீங்க? சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உடம்புக்கு ஏதாவதா சிஸ்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்லுங்க."

டிரைவர் மெல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நர்ஸின் காது மடல் சிவந்துகொண்டே போனது. கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டாள்.