முன்சக்கரத்துக்கு மட்டும் பூசை

பாளையங்கோட்டையிலிருந்து மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போனால் அரைநாள். நான் பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும். தொண்ணூற்று நான்காம் வருடத்து ஐப்பசியில் போன அந்தப் பயணத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலைமேல் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. பயிற்சி முடித்து ஆறு வருடம் காத்திருந்து கிடைத்தது. குறித்த நாளில் மதியம் மூன்று மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். "காலையிலேயே பஸ் ஏறிவிடுகிறேன்" என்று நான் சொன்னதும் என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நம்ம வீட்டுல கார் நிக்கும்போது பஸ்லயா போவ? ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

முந்தின நாள் வண்ணார்பேட்டை டயர் கடைக்கு என்னையும் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். அம்பாசடருக்கு நாலு டயரும் தேய்ந்திருந்தன. கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று பட்டன் டயர். கட்டை கட்டையாக ரப்பர் புடைத்திருக்கும், சேற்றைக் கவ்வும், தார் ரோட்டில் இரையும். மற்றது நீளக் கோடு போட்டது. சத்தமில்லாமல் ஓடும், சேற்றில் வழுக்கும்.

"மலைக்குன்னா நாலும் பட்டன் போடுங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

"பொறவு கல்யாண வீட்டுக்குப் போனா லாரி வருதுன்னு நெனப்பான். ரெண்டு ரெண்டு குடும் வே. பட்டன முன்னால போடும்."

"வண்டிய இழுக்கது பின்சக்கரம்லா? பட்டன் பின்னாலதான வேணும்?"

"பூச போட்டு எலுமிச்சம்பழம் வைக்கது முன்சக்கரத்துக்குத்தான? பின்னால போட்டா யாரு பாக்கா?"

வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. டயர் எதற்கு என்று தெரியாமல் வாங்குகிறவரை அன்றுதான் பார்த்தேன். என் கணவரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டியது. தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் பூசை முடியவே ஒன்பதரை ஆகிவிட்டது. முன்டயர் இரண்டிலும் மஞ்சள், குங்குமம். டிரைவர் சுடலைமுத்து பைய நகர்த்தி எலுமிச்சம்பழங்களை நசுக்கினார். பின்டயர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை.

சேரன்மகாதேவியில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. வயல்களில் பிசானப் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். வீரவநல்லூரில் அத்தானுக்குத் தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்பட, காரை நிறுத்திப் புது டயரைக் காட்டினார். கல்லிடைக்குறிச்சியில் காப்பி, ஒன்றரை ரூபாய். அங்கே மலைக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. "நான் இதில் ஏறிக்கொள்கிறேனே" என்றேன். அண்ணனும் தம்பியும் என்னைக் கேவலமாகப் பார்த்தார்கள்.

மணிமுத்தாறு தாண்டி, வனத்துறைச் சோதனைச்சாவடியும் தாண்டி, அருவிக்கு மேலே நாலாவது வளைவில் மழை பிடித்தது. தார் போய் வெறும் மண்ணும் கல்லுமாக இருந்த ஏற்றத்தில் கார் நின்றது. சுடலைமுத்து மிதிக்க மிதிக்கப் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. கோடு போட்ட ரப்பரில் சேறு அப்பி, கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு பட்டன் டயர்கள் ஜம்மென்று சும்மா இருந்தன. மணி ஒன்றே கால்.

இறங்கி நனைந்துகொண்டே சொன்னேன்: "அத்தான், முன் டயரக் கழத்திப் பின்னால போடுங்க. ஜாக்கி இருக்குல்லா?"

சுடலைமுத்து தலையை ஆட்டினார். "அரமணி நேரத்துல மாத்திரலாம் அண்ணாச்சி."

"பூச போட்ட டயரப் பின்னால மாட்டவா? அபசகுனம் புடிச்ச மாதிரி! தள்ளுங்கலே, ஏறிரும்."

தள்ளினோம். பட்டுச்சேலையோடு நானும் தள்ளினேன். சேறு முகத்தில் அடித்ததுதான் மிச்சம். ஒன்றே முக்கால் ஆயிற்று. எனக்கு அழுகை வந்தது, அது துக்கத்தால் வந்த அழுகை இல்லை. ஆறு வருடத்தை இந்த மனிதர் ஒரு எலுமிச்சம்பழத்தின் கீழே வைத்து நசுக்குகிறாரே என்று வயிறு எரிந்து வந்தது.

கீழே ஹாரன் கேட்டது. கல்லிடைக்குறிச்சியில் பார்த்த அதே பஸ். வழியை மறித்து நிற்கும் காரைப் பார்த்துப் பயணிகள் இறங்கி, திட்டிக்கொண்டே அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

"எக்கா, நீங்க மேல வாரியளா?" என்றார் கண்டக்டர்.

"வாரேன்."

"மீனா, ஏறாத!" அத்தானுக்குக் குரல் உடைந்தது. "கார் வச்சிருக்க வீட்டுப் பொம்பள எஸ்டேட் பஸ்ல வந்து எறங்குனான்னா எனக்குத்தான் அசிங்கம்."

"அண்ணன் சொல்லுதாவல்லா, அஞ்சு நிமிசம் பொறேன்" என்றார் என் கணவர்.

பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். டிக்கெட் மூன்று ரூபாய். இரண்டே முக்காலுக்குச் சேறு காய்ந்த முகத்தோடு தலைமையாசிரியர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "அன்னைக்கு என்னா மழைங்கிய! நம்ம கார் இல்லேன்னா மீனா வேலைல சேந்திருக்கவே முடியாது."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான். "கார ஓரமாத் தள்ளிவிட்டதே நான் ஏறுன பஸ்ல வந்தவங்கதான்" என்றேன். விருந்தாளிகள் காப்பித் தம்ளரைக் குனிந்து பார்த்தார்கள். "வேலைக்குப் போனதும் வாய் நீண்டுட்டு" என்றார் அத்தான். எனக்கு வாய் எப்போதும் இந்த நீளம்தான், இதுவரை மூடி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் வாசலில் நின்றது. முன்னால் அதே பட்டன் டயர்கள், புதிதாகப் பொட்டு வைத்து. நான் அதைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு என் கணவர் பின்னால் வந்தார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றார்.

"கோவமா?" என்றார்.

"ஆமா" என்றேன். பஸ் புறப்பட்டது.