இரண்டு வாரம் அவகாசம்

எங்கள் அய்யா அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர். அவரிடம் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிறேன். பெரிய பதவி என்று வெளியே பேச்சு. உள்ளே வந்து பார்த்தால் பாதி வேலை ஒரே வாக்கியம்தான்: துறையிலிருந்து பதில் வரவில்லை, இரண்டு வாரம் அவகாசம் வேண்டும். பதில் அனுப்பாதது துறை, திட்டு வாங்குவது இவர். வீட்டில் குழாய் ஒழுகினாலும் இரண்டு வாரம் கேட்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் புலம்புவார்.

ஒருநாள் ஐந்தாவது வழக்கு ஒரு கைதியுடையது. இரண்டு சிறுநீரகமும் போனவன். மிச்ச நாளை வீட்டில் கழிக்கட்டும், விட்டுவிடுங்கள் என்று அவனுடைய அக்கா மனுப் போட்டிருந்தாள். ஆறு தடவை வந்து, ஆறு தடவையும் எங்கள் இரண்டு வாரத்தை வாங்கிக்கொண்டு போனவள். முதல் மூன்று தடவை, விட்டால் தம்பி போட்டுக்கொண்டு வர ஒரு சட்டையை மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தாள். அப்புறம் வெறுங்கையோடு வந்தாள்.

அன்று காலைதான் துறையின் கடிதம் வந்தது: விடுவிக்க ஆட்சேபணை இல்லை. நானே அதைக் கோப்பின் மேல் வைத்தேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அய்யா அசதியாக எழுந்தார். கோப்பைத் திறக்காமலே, வாய்ப் பழக்கத்தில் இரண்டு வாரம் கேட்டார். நீதிபதியும் பழக்கத்தில் கொடுத்தார். நான் அங்கியைப் பிடித்து இழுப்பதற்குள் அடுத்த வழக்கு வந்துவிட்டது. அந்த அக்காவும் அவளுடைய வக்கீலும் வெளியேறிவிட்டார்கள்.

கடிதத்தைக் காட்டினேன். அய்யாவின் முகம் செத்துவிட்டது. மறுபடி எழுந்து, தப்பு என்னுடையது, அந்த வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். தப்பு என்னுடையது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எதிர்த்தரப்பை மதியத்துக்குள் கூட்டி வாருங்கள் என்றார் நீதிபதி.

வக்கீலைப் பக்கத்து அறையிலேயே பிடித்துவிட்டோம். அக்காவைத் தேடி நான் போகிறேன் என்றேன். அய்யா காதில் வாங்கவில்லை. மூட்டுவலிக்காரர், அங்கியோடு படியிறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்து நின்றாள். தேதியை இன்னும் தள்ளிவிட்டார்களா என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் அய்யா, மூச்சு வாங்க. "கடுதாசி காலையிலயே வந்துருச்சு. நான்தான் பாக்கல. வாங்க, இன்னிக்கே உங்க தம்பிய விடச் சொல்லிடலாம்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"இன்னிக்கா? இன்னிக்கு நான் சட்டை எடுத்துட்டு வரலையே."

அய்யா அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.