உள்ள இழுக்காத, பாய்

இது நடந்தது. ஆனால் எல்லாம் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். நேரங்கள் மட்டும் நிச்சயம். கையில் புதுக் கடிகாரம்; அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1983, ஜூன். துபாயிலிருந்து பம்பாய்க்கு விமானம். புறப்படும்போது பணிப்பெண் மஞ்சள் உயிர்காப்பு அங்கியை மாட்டிக் காட்டினாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழவேற்காட்டுக்காரனுக்கு மிதக்கச் சொல்லிக்கொடுக்கிறாளாம்! வாய் பிளந்து கேட்டவர்களைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது.

மாலை 4.10. கழிவறை போய்த் திரும்பினேன். அதுவரை காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் தேசப்பன். எங்கள் பழவேற்காட்டு ஏரியில், பசியாவரம் தீவில் மீன் பிடிக்கிறவன். வெறுங்கால்.

"இன்னாடா, நீயும் துபாயா? செருப்பு எங்க?"

"தோணியில ஏறச்சொல்ல செருப்பு போட மாட்டோமே, ஷுக்கூர் பாய்."

"இது தோணியா? ஊரு மானத்த வாங்காத."

இவனும் நானும் ஒரே விமானத்தில்! முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

4.25. பழச்சாறு வந்தது. பணிப்பெண் எனக்கு மட்டும் கொடுத்தாள். அவன் பக்கம் பார்க்கவேயில்லை. எனக்கு அதில் ஒரு திருப்திகூட...

அவன் காலடியில் கம்பளம் நனைந்திருந்தது. ஏரிச் சேற்றின் வாடை. காலை அலம்பத் தெரியாதவன் என்று நினைத்தேன்.

4.52. டொம்.

இரண்டு பக்கமும் இயந்திரச் சத்தம் நின்றது. கடலில் இறங்கப் போகிறோம் என்றார்கள். அங்கியை மாட்டுங்கள், குனியுங்கள்... நடுவில் இன்னும் ஏதோ. அழுகையில் கேட்கவில்லை.

மாட்டினேன். காற்று கெட்டால், தோணி கவிழும் முன்பே மிதவையைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். சிவப்புக் கயிற்றைப் பிடித்தேன். இழுத்தால் அங்கி காற்றடைத்து உப்பும்.

என் கைமேல் ஒரு கை. ஐஸ் மாதிரி.

"உள்ள இழுக்காத, பாய்."

"விடுடா! உனக்கு இன்னா தெரியும்?"

"தண்ணி வந்தா தூக்கிடும். கூரையில ஒட்டிப்ப. முங்கி வாசலுக்கு வர முடியாது. வெளிய போயி இழு."

5.03. மோதல்.

தண்ணீர். மார்பு... கழுத்து...

முன்வரிசைக்காரர் உப்பிய அங்கியோடு கூரையில் முட்டிக்கொண்டு கிடந்தார். கால்கள் உதைத்தன.

முங்கினேன்.

தேசப்பன் உட்கார்ந்தே இருந்தான். தண்ணீருக்குள். கண் திறந்து. தலைமுடி அசையவேயில்லை.

கதவு. வெளிச்சம். இழுத்தேன்.

மீட்டு ஊருக்கு அனுப்பினார்கள். விபத்து நடந்த ஒன்பதாம் நாள் பசியாவரம் போனேன். அவன் மனைவி வேலம்மா வெளியே வந்தாள்.

"தேசப்பன் வந்து சேந்தானா? ஃப்ளைட்ல எங்கூடதான்..."

"இன்னா பாய், வெளையாடுறியா? அது போயி இருவது நாளாவுது. முகத்துவாரத்துல தோணி கவுந்துச்சி. மத்தவங்க முங்கி வெளிய வந்துட்டாங்க. இது இடுப்புல காலி டின்னு கட்டியிருந்துச்சி. அந்த டின்னு கவுந்த தோணிக்குள்ளயே தூக்கிப் புடிச்சிக்கிச்சி."

தேசப்பன் பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. அவனோடு போன மாரியும் ரங்கனும் இன்றும் தொழிலுக்குப் போகிறார்கள். வேலம்மா பொன்னேரி சந்தையில் கருவாடு விற்கிறாள். விமானத்தில் பதினேழு பேர் செத்தார்கள். அத்தனை பேரின் அங்கியும் உப்பியிருந்தது. நான் துபாய்க்குத் திரும்பவில்லை. பழவேற்காட்டில்தான் இருக்கிறேன்.