அக்காளை நடக்கவிட்டுப் பார்த்த மலை

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள், காபி குடிப்பார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். என் அக்காளை மட்டும் மலையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு இளையவளான எனக்கு அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அறுபதுகளின் நடுவில், மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மராட்டியச் சீமையில் பிழைக்கப் போய், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒற்றை அறையில் இருந்தோம். மாப்பிள்ளை வீடு செம்பூர். அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். பையனுக்கு ஆபீஸ் உத்தியோகம். அவன் அம்மாதான் சொல்லியனுப்பினாள்: "ரெண்டு குடும்பமும் கர்ஜத் பக்கம் போயி காத்தாட நடந்துட்டு வருவோம். லேசான ஏத்தந்தான், சின்னப் பிள்ளை கூட ஏறிரும்."

காற்றாவது மண்ணாவது! அக்காளுக்கு டி.பி. இருந்தது என்று யாரோ அந்த அம்மாள் காதில் போட்டிருந்தார்கள். மூச்சு வாங்குகிறதா, இருமுகிறாளா என்று பார்க்கத்தான் அந்த நடை. அது எங்களுக்கும் தெரியும். வியாதி இருந்தது உண்மை. குணமானதும் உண்மை. மாதக்கணக்கில் ஊசி போட்டு, கடைசியில் படம் எடுத்துப் பார்த்து, இனி இவளும் எல்லோரையும் போலத்தான் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ரயிலை விட்டு இறங்கி வரப்பு வழியே நடந்தோம். மராட்டிய ராஜாக்கள் காலத்துக் கிராமங்கள் என்று அப்பா ஏதோ கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். கருங்கல் வீடுகள், கோயில் முன்னால் கல் விளக்குத்தூண், தேய்ந்த படிகள். அதற்கும் மேலே பச்சைப்பசேலென்று மேய்ச்சல் நிலம், எருமைகள். எதையும் ரசிக்கிற நிலையில் நான் இல்லை. பையனின் அம்மா அக்காளின் முதுகைப் பார்த்தபடியே பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

அக்காள் என்னமாய் நடந்தாள்! படியில் அந்த அம்மாளுக்குத்தான் மூச்சு இரைத்தது. அக்காள் திரும்பி வந்து, "கையப் பிடிச்சுக்கோங்க அத்தை" என்றாள்.

மேலே போய்ப் புல்லில் உட்கார்ந்ததும், "நல்ல தெம்பான பிள்ளைதான்" என்று அந்த அம்மாளே சொன்னாள். அப்பா நிம்மதியாக வெற்றிலை மடித்தார். பையன் அக்காளைப் பார்த்துச் சிரித்தான். அக்காளும் சிரித்தாள். காரியம் பழம்தான் என்று நினைத்தேன்.

மாடு மேய்க்கும் பெண் ஒருத்தி குடத்தில் மோர் கொண்டுவந்தாள். அம்மா பையிலிருந்து செம்பை எடுத்தாள். எல்லோரும் அந்த ஒரே செம்பில் அண்ணாந்து குடித்தோம். அக்காள் கை நீட்டியபோது அம்மா செம்பைக் கொடுக்கவில்லை. பையின் அடியில் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு தம்ளரை எடுத்தாள். வியாதி வந்த நாள் முதல் அக்காளுக்கென்று ஒதுக்கிவைத்த தம்ளர் அது. செம்பு அதில் பட்டுவிடாமல் தூக்கி மோரை ஊற்றினாள். யோசித்துச் செய்ததில்லை, வீட்டில் தினமும் செய்வதுதான். அக்காள் குடித்து முடித்ததும் தம்ளரை மறுபடி துணியில் சுற்றினாள். அப்போதுதான் அம்மாவுக்கே உறைத்தது.

"அது என்ன மைனி, அவளுக்கு மட்டும் தனியா?" என்றாள் பையனின் அம்மா.

"அவ வாய் வச்சுத்தான் குடிப்பா" என்று அம்மா மென்று முழுங்கினாள்.

"அப்படியா" என்று அந்த அம்மாள் எழுந்தாள். இறங்கும்போது பையனை முன்னால் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஸ்டேஷனில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பியதும் அம்மா வாய்க்கு வந்தபடி ஏச ஆரம்பித்தாள். "நல்லா நடந்த பிள்ளைய வேண்டாம்னு போறாளே, பாவி! இவ விளங்குவாளா?"

ஜன்னல் பக்கம் இருந்த அக்காள் திரும்பினாள். "அவியள ஏன் ஏசுத? நான் நடந்ததப் பாத்து அவிய நம்பிட்டாவ. நீதான் இன்னும் நம்பல."

அம்மா அழுதுகொண்டே அக்காளின் தோளைத் தொடப் போனாள்.

அக்காள் விலகி உட்கார்ந்தாள். "தொடாதம்மா. ஒட்டிக்கிடப் போவுது."