வசந்தரூபியின் இரண்டு பந்தல்கள்

வசந்தரூபி பியர் விற்கிறாள் என்பது எனக்கு மூன்று வருடம் தெரியாது. பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் பதினெட்டு வருடமாகச் சேலைக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தமிழர் பகுதியான லா சப்பலில் யார் வீட்டில் இன்று என்ன கறி என்ற செய்திகூட என் கடையைத் தாண்டித்தான் போகும். அப்படிப்பட்ட எனக்கே மறைத்துவிட்டாள். அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருந்தாலும் அவளைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

முல்லைத்தீவுக்காரி. 2011இல் வந்தாள். புருசன் தவசீலன் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. இருவருக்கும் வீடு வில்லியே லே பெல் என்ற புறநகரில், மின்தூக்கி மாதத்தில் பத்து நாள் மட்டும் ஓடுகிற ஒரு கட்டடத்தின் நாலாம் மாடி. வந்த காலத்தில் பிரெஞ்சு அவளுக்கு நாலைந்து சொல்தான். ஆனால் அந்த நாலைந்தையும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்புத்தான் அவளைப் பியர்க்கடையில் கொண்டுபோய் நிறுத்தியது.

பாரிசுக்கு வெளியே பார்க் தே லுசியோல் என்று ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. ராட்டினம், நீர்ச்சறுக்கு, பேய்வீடு எல்லாம் உண்டு. அங்கே துடைக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். ஒவ்வொரு ஆவணியிலும் அங்கே பியர்த் திருவிழா நடக்கும். பன்னிரண்டு மரக்குடில்கள், குடிலுக்கொரு ஊர்ப் பியர். 2015இல் ஆள் போதாமல், பொறுப்பாளர் மர்கரீத் இவளைக் கூப்பிட்டு, "நீ பொன்ஜூர் சொன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், வா" என்று ஏழாம் குடிலில் விட்டுவிட்டாள்.

முதல் நாள் இவள் செய்த கூத்தை இப்போது கேட்டாலும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். பியர் ஊற்றுவது எப்படி என்று யாரும் காட்டவில்லை. இவளுக்குத் தெரிந்தது தேநீர் ஆற்றுவதுதான். கிளாசைக் கீழே இறக்கி, குழாயை முழுதாகத் திறந்து, நல்ல நுரை வரட்டும் என்று ஒரு முழ உயரத்திலிருந்து விழவிட்டாள். போதாததற்கு இன்னொரு கிளாசுக்கு மாற்றி இரண்டு தரம் ஆற்றியும் கொடுத்தாள். வாங்கிய மனிசனுக்குக் கிடைத்தது முக்கால் கிளாஸ் நுரை. அவன் மூக்குவரை நுரையோடு நிற்க, வரிசை முழுக்கக் கைதட்டியதாம். இவள் அதைப் பாராட்டு என்று நினைத்து அடுத்தவனுக்கு இன்னும் உயரத்திலிருந்து ஆற்றினாள்.

ஊற்றப் பழகிவிட்டாள். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வந்த ஆளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும், பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்கவேண்டும். கவுண்டருக்கு வந்தவனும் வந்தவன்தானே. ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு காகிதக் கோப்பைத் தண்ணீர். பிறகு பிரெஞ்சில், "சாப்பிட்டீர்களா?" இல்லை என்றால், பக்கத்துக் குடிலில் சூடாக உருளைக்கிழங்கு இருக்கிறது, முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவாள். மற்றக் குடில்களில் மூன்று பேர் வாங்கிப் போகிற நேரத்தில் இவளிடம் ஒருவன்தான் நகர்வான்.

மர்கரீத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இது உன் வீட்டு விருந்து இல்லை" என்று கத்தினாள். இவள் தலையை ஆட்டிவிட்டு, கத்தியவளுக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் நீட்டினாள்.

அந்த வருடத் திருவிழாவில் நாலாம் குடிலில் அடிபிடி, ஒன்பதாம் குடிலில் ஒருவன் குழந்தைகளின் ராட்டினத்தில் ஏறி இறங்கமாட்டேன் என்று அழுகை. பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் இனி இந்தப் பக்கமே வரமாட்டோம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஏழாம் குடிலில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. காவலுக்கு நின்றவன் அங்கே இருந்து குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பினானாம். விருந்தினர் கருத்து எழுதும் தாள்களில் "சாப்பிட்டீர்களா என்று கேட்கும் அம்மா" நாற்பது இடத்தில் வந்திருந்தாள். அடுத்த வருடம் எல்லாக் குடில்களிலும் முதலில் தண்ணீர் என்று பூங்கா சட்டமே போட்டது. கூடவே ஒரு செம்மஞ்சள் காகிதக் காப்பு. குடிக்க வருபவரின் மணிக்கட்டில் அதைச் சுற்றி ஒட்டி, ஒரு கிளாசுக்கு ஒரு துளை போடவேண்டும். மூன்று துளையோடு சரி. குடில் இலக்கமும் அதில் கொட்டையாக அச்சடித்திருக்கும். அந்தக் காப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இவ்வளவு பேர் எடுத்தவள் லா சப்பலில் என்ன சொன்னாள் தெரியுமா? "பார்க்கிலை கூல்டிரிங்ஸ் பகுதி, அக்கா." எந்தப் பார்க் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் மறைத்தாள் என்றால், மோர்ப்பந்தலுக்காக.

எங்கள் பிள்ளையார் தேர் லா சப்பல் தெருக்களைச் சுற்றும் நாளில் வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுவோம். அதில் மோர்ப்பந்தல் வசந்தரூபியுடையது. பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வெட்டிப்போட்டு அவள் கரைக்கிற மோருக்குப் பிரெஞ்சுக்காரரே இரண்டாம் தரம் வருவார்கள். பிள்ளை குட்டி இல்லாதவள். அந்த ஒரு நாள் ஆயிரம் பேருக்குத் தன் கையால் ஊற்றுவதுதான் அவளுக்கு வருடம் முழுக்க இருக்கிற சந்தோசம். ஆனால் கோயில் மகளிர் குழுத் தலைவி தில்லைநாயகி அக்காவின் விதி கடுமையானது. பந்தலில் நிற்பவர் பதினைந்து நாள் முன்பே மச்ச மாமிசத்தையும் மதுவையும் தொடக்கூடாது. குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. தொடக்கூடாது. இவளோ ஒரு நாளைக்கு முந்நூறு கிளாஸ் தொடுகிறவள். தேருக்கு முதல் நாள் இரண்டு தரம் தலைக்கு முழுகிவிட்டுப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்பாளாம்.

2018இல் மகளிர் குழு, தேருக்குப் பத்து நாள் முன்பு வருகிற ஆவணி ஞாயிறில் குடும்பங்களோடு பஸ் பிடித்துச் சுற்றுலா போக முடிவெடுத்தது. எங்கே? பார்க் தே லுசியோல். இடத்தைச் சொன்னதே நான்தான். அன்று குழுக் கூட்டத்தில் வசந்தரூபியின் முகம் ஏன் அரிசிமா மாதிரி வெளுத்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. லீவு கேட்டிருக்கிறாள். திருவிழாவின் கடைசி ஞாயிறு, நீ இல்லாமல் முடியாது என்று மர்கரீத் கையை விரித்துவிட்டாள்.

நாங்கள் ஐம்பத்திரண்டு பேர் போய் இறங்கினோம். முப்பத்துநாலு பாகை வெயில். பெண்களும் பிள்ளைகளும் நீர்ச்சறுக்குப் பக்கம் போனோம். ஆம்பிளைகள், "நாங்கள் சும்மா சுத்திப் பாத்திட்டு வாறம்" என்றார்கள். சும்மா!

முதலில் ஏழாம் குடிலுக்குப் போனவர் கோயில் பொருளாளர் இராஜதுரை அண்ணை. தமிழர் யாரும் இல்லை என்ற துணிவில் பிரெஞ்சில் ஒரு பியர் கேட்டார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்த பெண் வாய் தவறித் தமிழில் கேட்டுவிட்டாள்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஐயோ! வசந்தரூபியோ?"

"அண்ணை! தில்லைநாயகி அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ!"

"நான் அவவுக்குச் சொன்னா என்ரை கதை என்னாகும், பிள்ளை? நீர் என்னைக் காணேல்லை, நான் உம்மைக் காணேல்லை. ஊத்தும்."

"ஊத்துறன். ஆனா காப்புப் போடவேணும்."

"காப்பு வேண்டாம் பிள்ளை, மனிசி கண்டா..."

"சட்டம் அண்ணை. கையை நீட்டுங்கோ."

சட்டம் சட்டம்தான். மணிக்கட்டில் கோயிலில் கட்டிய சிவப்பு நூல், அதற்குப் பக்கத்தில் செம்மஞ்சள் காப்பு. இராஜதுரை அண்ணை நீட்டுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டார். நம்பிக்கையான இடம் என்று அவர் மற்றவர்களுக்கும் காதில் போட்டிருக்கிறார். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் தன்னையும் அண்ணையையும் தவிர வேறு யாரும் வரவில்லை என்று நினைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தண்ணீர், சாப்பிட்டனீங்களோ, காப்பு.

மூன்று மணிக்கு மரநிழலில் புளிச்சாதமும் வடையும் திறந்தோம். தில்லைநாயகி அக்கா சுற்றிவரப் பார்த்தார். "இதென்ன, இந்த வெக்கைக்கை எட்டு ஆம்பிளையள் சட்டைக்கை பூட்டிக்கொண்டு இருக்கினம்?"

எட்டுப் பேரும் புளிச்சாதத்தில் குனிந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து என் புருசன் குணசேகரம், வடை என்றால் உயிரை விடுகிற மனிசன், தூரத்துத் தட்டுக்குக் கையை எட்டினார். சட்டை ஏறியது. செம்மஞ்சள் தெரிந்தது. இரண்டு துளை.

"இஞ்சேருங்கோ, இதென்ன?" என்றேன்.

"வைத்தியப் பரிசோதனை செய்யினம், இலவசமா" என்றார். பொய் சொல்லவும் ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

தில்லைநாயகி அக்கா காப்பைப் பிடித்து வாசித்தார். பியர்த் திருவிழா, குடில் ஏழு. எழும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எட்டுப் பேருக்கு ஊற்றிக்கொடுத்தவளை ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்ற ஆத்திரம். குடிலில் நின்றது எங்கள் வசந்தரூபி.

மோர்ப்பந்தல் போச்சு, அது மட்டுந்தான் அவள் மனதில் ஓடியதாம். ஆனால் கை தன்பாட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து நீட்டியது. "முதல் இதைக் குடியுங்கோ அக்கா. சாப்பிட்டனீங்களோ?"

அக்கா தண்ணீரை வாங்கினார். அதே நேரம், கதவளவு அகலமான ஒரு பிரெஞ்சுப் பெடியன் நாலாவது கிளாஸ் கேட்டு வந்தான். முகம் சிவந்திருந்தது, கவுண்டரில் குத்தினான். இவள் காப்பின் மூன்று துளையையும் அவனுக்கே எண்ணிக் காட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். பாணும் வெண்ணெய்க்கட்டியும் வைத்து, அவன் கையைப் பிடித்துப்போய் நிழலில் இருத்தினாள். அவன் கொஞ்ச நேரம் முணுமுணுத்தான். பிறகு பாணைச் சாப்பிட்டான். பிறகு, "மெர்சி, அம்மா" என்று நன்றி சொன்னான். அவனுக்கு அந்தச் சொல்லை யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

தில்லைநாயகி அக்கா அரை மணித்தியாலம் அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வெறும் கோப்பையைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். பஸ்ஸில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எட்டு ஆம்பிளைகளும் பஸ்ஸின் கடைசி வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கை கட்டி இருந்தார்கள். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு தரம் போகலாம்.

பிறகு பத்து நாள். அக்காவிடமிருந்து தொலைபேசி இல்லை. வசந்தரூபி என் கடைக்கு வந்து அழுதாள். என்னிடம் மறைத்ததற்கு முதலில் நன்றாக ஏசினேன், பிறகு நானும் சேர்ந்து அழுதேன்.

தேர் நாள் காலை ஆறு மணிக்கு, சொல்லாவிட்டாலும் போவோம் என்று அகப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். மோர்ப்பந்தலில் வேறொருத்தி கிடாரத்துக்கு முன்னால் நின்று மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். வசந்தரூபி ஒரு நிமிடம் பார்த்தாள். அகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் திரும்பினாள். அவளைப் பிடிக்க நான் ஓடினேன்.

"எங்கை போறீர்?" தில்லைநாயகி அக்காவின் குரல்.

"இல்லை அக்கா... என்ரை இடத்திலை..."

"மோர் ஊத்த ஆளுக்கென்ன பஞ்சம்? தேர் போற வழியிலை அஞ்சு பந்தல். அஞ்சையும் பாக்க ஒராள் வேணும். போன வருசம் வெயிலுக்கை நாலு பேர் மயங்கி விழுந்தவை. உம்மட கடையிலை வெறியிலை வந்தவனே விழேல்லை."

"அக்கா, நான் பியர் தொடுற கை..."

"குடிச்சனீரோ?"

"ஐயோ, ஒரு நாளும் இல்லை."

"பிறகென்ன? விதி போட்டது நான். மாத்துறதும் நான்."

அந்தப் பக்கமாக இராஜதுரை அண்ணையும் என் புருசனும் தேர் இழுக்க வந்தார்கள். வேட்டி, வெறும் மேல். மறைக்கச் சட்டைக்கை இல்லாததால் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். காப்பைக் கழற்றிப் பத்து நாளாகியும் பயம் போகவில்லை. அக்கா அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வசந்தரூபியைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"முகம் வாடிக் கிடக்கு. சாப்பிட்டனீரோ?"

மூன்று வருடமாக ஆயிரக்கணக்கான பேரிடம் அதைக் கேட்டவள். அவளிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. தலையை இல்லை என்று ஆட்டினாள். கண் நிறைந்து வழிந்தது, வாயோ பல் தெரியச் சிரித்தது. அக்கா பந்தலிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீரும் தன் பையிலிருந்து இட்டலிப் பொட்டலமும் எடுத்து நீட்டினார்.

"முதல் தண்ணியைக் குடியும். கெதியாச் சாப்பிட்டிட்டு வாரும், தேர் வெளிக்கிடப் போகுது."

வசந்தரூபி ஒரு தேங்காய்ச் சாக்கின் மேல் இருந்து நாலு இட்டலியையும் சாப்பிட்டு முடித்தாள். நான் பக்கத்தில் நின்று அகப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.